வயதுக்கேற்ற பிரஷர் என்று ஒன்று உண்டா?

எழுபத்தெட்டு வயதானவருக்கு அளந்து பார்த்தால் மேல் எண் 170 என்று காட்டுகிறது. வீட்டில் யாரும் பதறுவதில்லை. ‘வயசுக்கேத்த பிரஷர்தான், இதுக்குப் போய் மாத்திரை எதுக்கு?’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நூறோடு வயதைக் கூட்டினால் வருவதே அந்த வயதுக்கு உரிய ரத்த அழுத்தம் என்று சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி மருத்துவர்களே கணக்குச் சொன்னார்கள். அறுபது வயதுக்கு 160, எண்பதுக்கு 180. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு தர்க்கமும் இருந்தது. வயதாக ஆக ரத்தக் குழாய்கள் கெட்டியாகிக் குறுகுகின்றன. அவற்றின் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்ச் சேர வேண்டுமென்றால் அழுத்தம் கூடித்தான் ஆக வேண்டும். ஆகவே இது நோயல்ல, உடல் தானே செய்துகொண்ட ஏற்பாடு. அமெரிக்க இதயவியலின் முன்னோடியான பால் டட்லி வைட் 1930களில் எழுதிய பாடநூலிலேயே இந்தக் கருத்து இருந்தது: குறைக்க வழி கிடைத்தாலும் கை வைக்காமல் விடுவதே நல்லதாக இருக்கலாம் என்றார் அவர். இந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலைக்கு உலகறிந்த சாட்சி ஒருவர் உண்டு. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108. அதிபரின் தனி மருத்துவரோ, அவர் வயதுக்கு உடல்நிலை நன்றாகவே இருக்கிறது என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று, 63 வயதில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ரூஸ்வெல்ட் இறந்தார். மயங்கி விழுந்த சற்று நேரத்தில் மேல் எண் 300ஐ எட்டியிருந்தது.

முதுமையில் இதயத்தைக் காப்பது எப்படி என்று கேட்டால் நம் பத்திரிகைகளில் பூண்டு, மாதுளை, செம்பருத்தி, செக்கு எண்ணெய் என்று ஒரு கடைத்தெருவே விரியும். அவற்றில் பல நல்ல உணவு, எதுவும் மருந்தல்ல. பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு, எண்பது வயதுக்கு மேலும் உயிர் காப்பதாக உறுதியான ஒன்று இருக்கிறது என்றால், அது ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைக் குறைப்பது. அந்த எண் வயதோடு ஏறுவது பெரும்பாலோருக்கு நடக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு நடப்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. அதைக் குறைப்பதால் கிடைக்கும் லாபம் நடுவயதுக்காரர்களைவிட முதியவர்களுக்கே கூடுதல் என்பதுதான் கடந்த 35 ஆண்டுகளின் சான்றுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

முதலில், அழுத்தம் ஏன் ஏறுகிறது? இதயத்தின் இடது கீழறை ஒருமுறை சுருங்கும்போது ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. இளம் உடலில் பெருந்தமனி அதை வாங்கிக்கொண்டு விரியும். இதயம் ஓயும் இடைவெளியில் மெல்லச் சுருங்கி, தான் தேக்கியதை முன்னால் அனுப்பும். துள்ளித் துள்ளி வரும் ரத்தம் இப்படித்தான் இடையறாத ஓட்டமாகிறது. விரிந்து மீளும் இந்தக் குணத்தைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உடல் அதைப் பெரும்பாலும் நெய்து முடித்துவிடுகிறது. பிறகு புதிதாகச் சேர்வது மிகக் குறைவு. நாளொன்றுக்கு லட்சம் முறை இழுபடும் அந்த இழைகள் பல பத்தாண்டுகளில் நைந்து அறுகின்றன. அவற்றின் இடத்தை விறைப்பான கொலாஜன் பிடிக்கிறது, சுவரில் கால்சியமும் படிகிறது. பலூனை ஊதுவதும் இரும்புக் குழாயை ஊதுவதும் ஒன்றல்ல: விறைத்துப்போன பெருந்தமனிக்குள் அதே 70 மில்லிலிட்டரைத் தள்ள இதயம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. மேல் எண் ஏறுகிறது. தேக்கிவைத்துத் திருப்பித் தரும் வேலை குறைந்துபோவதால், இதயம் ஓயும்போது இருக்கும் அழுத்தம், அதாவது கீழ் எண், ஐம்பதுகளின் கடைசியிலிருந்து இறங்கத் தொடங்குகிறது. இதோடு நாடி அலையின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. இளைஞரிடம் நொடிக்கு 5, 6 மீட்டர் ஓடும் அலை முதியவரிடம் 10 மீட்டரைத் தாண்டும். கிளைக் குழாய்களில் மோதித் திரும்பும் எதிரலை இளைஞரிடம் இதயம் ஓய்ந்த பிறகு வந்து சேர்கிறது; முதியவரிடம் இதயம் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து முட்டுகிறது.

இந்த முட்டலை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வேலை செய்யும் இடது கீழறையின் தசை தடிக்கிறது. கையில் தசை தடித்தால் வலிமை என்போம், இதயத்தில் அப்படியல்ல. தடித்த சுவர் எளிதில் தளர்வதில்லை, தளராத அறைக்குள் ரத்தம் முழுமையாக நிரம்புவதில்லை. நிரப்புவதற்காக மேலறை கூடுதல் பலத்தோடு தள்ளி, வீங்கி, ஒரு கட்டத்தில் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பிக்கிறது. அங்கே தேங்கி உறையும் ரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பின்னோக்கித் தேங்கும் ரத்தத்தால் நுரையீரலில் நீர் கோத்தால், மாடிப்படி ஏறும்போது மூச்சு இரைக்கும். ‘வயசாயிடுச்சு, முன்ன மாதிரி ஏற முடியல’ என்று சொல்லி விடப்படும் இரைப்புகளில் ஒரு பங்கு, இதயம் சுருங்கும் வலு குறையாமலே தளரும் திறனை இழந்ததால் வரும் இதயச் செயலிழப்பு. 170/70 என்ற அளவைப் பார்த்து ‘கீழே நல்லாத்தானே இருக்கு’ என்று ஆறுதல் கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இரண்டு எண்களுக்கும் நடுவே 100 இடைவெளி இருப்பதுதான் பெருந்தமனி எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதன் அடையாளம். போதாக்குறைக்கு, இதயத் தசைக்கே ரத்தம் போவது பெரும்பாலும் இதயம் ஓயும் வேளையில். மேல் எண் ஏறி வேலை கூடுகிறது. கீழ் எண் இறங்கி அந்த வேலைக்கான தீனி குறைகிறது.

இதைக் கேட்டவுடன், எலாஸ்டின் நைவது எல்லோருக்கும் பொதுவென்றால் அழுத்தம் ஏறுவதும் எல்லோருக்கும் விதிக்கப்பட்டதுதானே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது: 55 முதல் 65 வயதில் சரியான அழுத்தத்தோடு இருந்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாளின் மிச்சத்தில் உயர் அழுத்தம் வந்துசேரும் என்று அந்த ஆய்வின் கணக்கு 2002இல் வெளியானது. ஆனால் பிரேமிங்ஹாம் உலகமல்ல. 32 நாடுகளில் 52 இடங்களில் நடந்து 1988இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆய்வில் நான்கு தொலைதூரச் சமூகங்கள் தனித்து நின்றன. அவற்றில் அமேசான் காட்டின் யானோமாமி மக்கள் ஏறக்குறைய உப்பே இல்லாமல் வாழ்பவர்கள். அவர்களுடைய சராசரி அழுத்தம் 95ஐ ஒட்டியே இருந்தது, வயதோடு ஏறவுமில்லை. இது அவர்களின் மரபணுக் கொடை என்று சொல்லிவிட முடியாதபடி கென்யாவிலிருந்து ஒரு சான்று வந்தது. கிராமத்திலிருந்து நைரோபிக்குப் பிழைக்கப் போன லூவோ இனத்தவரைத் தொடர்ந்து பார்த்தபோது, நகரத்துக்கு வந்த சில மாதங்களுக்குள்ளேயே அழுத்தம் ஏறியிருந்தது; சிறுநீரில் வெளியேறிய சோடியமும் கூடியிருந்தது. உப்பு மட்டுமே காரணம் என்றும் முடித்துவிட வழியில்லை. இத்தாலியில் மடத்துக்குள் ஒதுங்கி வாழ்ந்த 144 கன்னியாஸ்திரீகளை, வெளியே குடும்பம் நடத்திய பெண்களோடு ஒப்பிட்டு முப்பது ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இரு தரப்பும் சாப்பிட்ட உப்பில் பெரிய வித்தியாசமில்லை. வெளியே இருந்தவர்களுக்கு அழுத்தம் வழக்கம்போல் ஏறியது. மடத்துக்குள் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஏறவேயில்லை. மௌனமும் ஒழுங்கான பொழுதும் காரணமா, வேறு ஏதாவதா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு: குழாய் முதிர்வது இயற்கை, அழுத்தம் 170க்குப் போவது வாழ்க்கை முறையின் கைங்கரியம்.

இயற்கையா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். குறைத்தால் நல்லதா என்பதே முக்கியமான கேள்வி. கீழ் எண்ணையே பெரிதாக எண்ணிய காலத்தில், முதியவர்களுக்கு மேல் எண் மட்டும் ஏறியிருப்பதைக் கவனிக்காமல் விடுவதே நடைமுறை. அதை முதலில் உடைத்தது 1991இல் வெளியான ‘ஷெப்’ ஆய்வு. அறுபது வயதுக்கு மேற்பட்ட 4,736 பேர். மேல் எண் 160க்கு மேல், கீழ் எண் 90க்குள். பாதிப் பேருக்குக் குளோர்தாலிடோன் என்ற விலை மலிந்த சிறுநீர் பெருக்கி, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்தாண்டுக் கணக்கில் வெற்று மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 8.2 பேருக்குப் பக்கவாதம். மருந்துக் குழுவில் 5.2. ஆறு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவிலிருந்து வெளியான இன்னொரு பெரிய ஆய்வும் இதையே காட்டியது. அப்போதும் எண்பது வயது ஒரு வேலியாகவே நின்றது: அதற்கு மேற்பட்டவர்களுக்கு மருந்தால் பக்கவாதம் குறைந்தாலும் மொத்தச் சாவு கூடிவிடுமோ என்ற அச்சம் பழைய சிறு ஆய்வுகளிலிருந்து எழுந்திருந்தது. அந்த அச்சத்தைச் சோதிக்கவே எண்பதைக் கடந்த 3,845 பேரை வைத்து ‘ஹைவெட்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். இலக்கு கடுமையானதல்ல, 150/80தான். மருந்துக் குழுவில் சாவு 21 சதவீதமும் இதயச் செயலிழப்பு 64 சதவீதமும் குறைந்ததால், வெற்று மாத்திரைக் குழுவை அப்படியே விட்டுவைப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. சராசரித் தொடர்ச்சி ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ‘இனிமே மருந்து சாப்பிட்டு என்ன ஆகப்போகுது, பலன் தெரியறதுக்குள்ள காலமே முடிஞ்சிடும்’ என்ற பேச்சுக்கு அந்த இரண்டாண்டுகளே பதில்.

முதியவர்களுக்கு லாபம் கூடுதல் என்று மேலே சொன்னதன் கணக்கும் இதில்தான் அடங்கியிருக்கிறது. நடுவயதிலும் முதுமையிலும் அழுத்தத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் விகிதம் பெரிதாக வேறுபடுவதில்லை; முதுமையில் விகிதம் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் விகிதம் எதிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதே விஷயம். நாற்பத்தைந்து வயதுக்காரர் நூறு பேரில் ஐந்தாண்டுகளில் ஒருவருக்குப் பக்கவாதம் வரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் முந்நூறு பேருக்கு மருந்து கொடுத்து ஒருவரைக் காப்பாற்றுகிறோம். ‘ஷெப்’ ஆய்வில் இருந்தவர்களிலோ நூறு பேருக்கு மூன்று பேர் தப்பினார்கள். வயதானவர்களுக்கு எதற்குச் செலவு என்று கேட்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றன. பக்கவாதம் வந்தபின் படுக்கையில் கழியும் ஆண்டுகளின் செலவையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2015இல் வெளியான அமெரிக்க ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வில் 75 வயதுக்கு மேற்பட்ட 2,636 பேர் இருந்தார்கள்; மேல் எண்ணை 140க்குள் வைத்தவர்களைவிட 120க்குள் வைத்தவர்களிடம் இதய, மூளை நிகழ்வுகளும் சாவும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. சீனத்தில் 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 8,511 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, 130க்குள் வைப்பது நல்லது என்றது. ஆனால் ‘ஸ்பிரிண்ட்’ அளந்த விதம் வேறு. அமைதியான இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் பலமுறை அளந்து சராசரி எடுத்தார்கள். வரிசையில் நின்று, கூப்பிட்டவுடன் ஓடிப்போய் உட்கார்ந்து நம் மருத்துவமனைகளில் அளப்பது பொதுவாக அதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஆகவே அங்கே சொன்ன 120ஐ இங்கே அப்படியே துரத்துவது சரியில்லை என்பது என் கருத்து. 130ஆ 140ஆ என்று வழிகாட்டி நூல்கள் தமக்குள் வாதிடுகின்றன. 170ஐ விட்டுவைக்கலாம் என்று எதுவும் சொல்லவில்லை.

எதிர்வாதங்களில் கனமானது, தலைசுற்றி விழுவது. எண்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அது பக்கவாதத்துக்குச் சளைத்த ஆபத்தல்ல. பல நோய்கள் கொண்ட முதியவர்களை மருத்துவப் பதிவுகளின் வழியே பார்த்த ஆய்வுகளில், அழுத்த மாத்திரை சாப்பிடுவோரிடம் கடுமையாக விழுவது கூடுதலாகத் தெரிந்ததும் உண்மை. ஆனால் மாத்திரை சாப்பிடுவோர் ஏற்கெனவே நோயுற்றவர்கள் என்பதால் இப்படிப்பட்ட ஒப்பீட்டில் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வின் 75 வயதுக்கு மேற்பட்டோரில், அழுத்தத்தை அதிகம் குறைத்தவர்கள் காயம்பட விழுந்தது மற்றவர்களைவிடக் கூடவில்லை. எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும் கோளாறே, கட்டுப்படாத உயர் அழுத்தம் உள்ளவர்களிடம் அதிகம்; விறைத்த குழாயால் நிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. இதற்காக மாத்திரைகள் சாதுவானவை என்று ஆகிவிடாது. அதே ஆய்வில் மொத்தப் பேரையும் எடுத்துப் பார்த்தால் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் தீவிரக் குழுவில் கூடியிருந்தன. அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும், எனலாப்ரில் வறட்டு இருமலைத் தரும், சிறுநீர் பெருக்கிகள் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தை அளவுக்கு மீறி இறக்கிக் குழப்பம் உண்டாக்கக்கூடும். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றுவதற்கு வேறொன்று இருக்கிறது என்பதே இதற்கான மறுமொழி. மருந்தையே கைவிடுவதற்கு இவை காரணமாகா.

இன்னொரு எதிர்வாதம் நுட்பமானது, கேட்கும்போது நம்பத் தோன்றுவது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயதானவர்களைத் தொடர்ந்தபோது, அழுத்தம் குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். அப்படியானால் முதுமையில் உயர்ந்த அழுத்தம் காப்பல்லவா? இங்கே முன்னது பின்னதாகத் தோன்றுகிறது. பிரிட்டனில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அவர்கள் இறந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்தபோது, மேல் எண் சாவுக்கு 14 முதல் 18 ஆண்டுகளுக்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. மாத்திரையே சாப்பிடாதவர்களிடமும் அப்படித்தான். இதயம் வலுவிழந்தால், எடை குறைந்தால், புற்றோ மறதிநோயோ உள்ளே வளர்ந்தால் அழுத்தம் தானாக இறங்கும். நோயால் இறங்கிய 120உம் மருந்தால் இறக்கிய 130உம் ஒன்றல்ல. கீழ் எண் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கு மேல் எண்ணைக் குறைத்தால் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போகுமே என்ற கவலைக்கும் அடிப்படை உண்டு. ஆனால் ‘ஸ்பிரிண்ட்’ தரவுகளில் தொடக்கத்தில் கீழ் எண் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே பலன் பெற்றிருந்தார்கள்.

உண்மையான எல்லைக்கோடு வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் நடமாடக்கூடியவர்கள். முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள் ‘ஸ்பிரிண்ட்’டில் சேர்க்கப்படவில்லை. நாற்காலியிலிருந்து எழத் துணை தேவைப்படுபவர், எடை கரைந்துகொண்டே போகிறவர், நினைவு மங்கியவர் ஆகியோருக்கு இந்த முடிவுகளை நீட்டிக்கச் சான்று போதாது. பிரான்ஸின் முதியோர் இல்லங்களில் எண்பதைக் கடந்த, நலிந்த, மேல் எண் 130க்கும் கீழே இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அழுத்த மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. குறைத்ததால் சாவு குறையவில்லை; கூடவுமில்லை. அப்படியென்றால் கேட்க வேண்டியது எத்தனை வயது என்பதல்ல, எவ்வளவு வலு மிச்சமிருக்கிறது என்பதே. தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டு கடைக்கும் போய்வரும் 86 வயதுக்காரருக்கு மருந்து மறுக்கப்படுவதும், படுத்த படுக்கையான 74 வயதுக்காரருக்கு நான்கு மாத்திரைகள் தொடர்வதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

மாத்திரைக்கு அப்பால் செய்யக்கூடியவற்றில் உப்புக்கு இணையானது எதுவுமில்லை. நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியர் சராசரியாகச் சாப்பிடுவது எட்டு கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாக்கின் சுவை மங்கும் வயதில் பல் போனவருக்குக் கஞ்சியும் ஊறுகாயும், மோர்ச்சோறும் மோர்மிளகாயும், ரசச்சோறும் அப்பளமும் என்று எளிதான சாப்பாடு எல்லாமே உப்பின் துணையோடு வருவது நம் சமையலின் சிக்கல். முதிய உடலின் சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறுவதால் உப்பைக் குறைத்தால் இறங்கும் அளவும் முதியவர்களிடம் கூடுதல். அமெரிக்காவில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 60 முதல் 80 வயதுக்காரர்கள் 975 பேரிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், உப்பையும் எடையையும் குறைத்தவர்களில் ஒரு பகுதியினரால் மாத்திரையையே விட முடிந்தது. இந்துப்பு நல்லது என்று மாற்றிக்கொள்வதில் பயனில்லை. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். மாற்ற வேண்டுமானால் சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பு இருக்கிறது. சீனத்தின் 600 கிராமங்களில், முன்பு பக்கவாதம் வந்த அல்லது உயர் அழுத்தம் உள்ள முதியவர்கள் ஏறக்குறைய 21 ஆயிரம் பேரிடம் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதமும் சாவு 12 சதவீதமும் குறைந்திருந்தன. சமையலை மாற்றச் சொல்லவில்லை, டப்பாவில் இருந்ததை மட்டும் மாற்றினார்கள். சிறுநீரகம் பழுதானவர்களும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்தின் தாளமே நிற்கக்கூடும். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாறக்கூடாது.

உப்பைக் குறைத்துவிட்டு மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்கினால் ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் கொட்டுவதாகிவிடும். அந்த வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். சிறுநீர் பெருக்கியோடும் ராமிப்ரில், டெல்மிசார்டன் வகையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கவிழ்க்கும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும் சோடியம் கணிசமாக உண்டு. நடைப்பயிற்சியைப் பொறுத்தவரை மிகையான வாக்குறுதிகளைத் தவிர்ப்பது நல்லது. டெக்சாஸில் பெஞ்சமின் லெவின் குழுவினர் செய்த சோதனைகளில், ஐம்பதுகளை ஒட்டித் தொடங்கி இரண்டாண்டுகள் தீவிரமாகப் பயிற்சி செய்தவர்களின் இதயத் தசை விறைப்புக் குறைந்தது. எழுபதை ஒட்டித் தொடங்கியவர்களிடம் ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகும் விறைப்பு மாறவில்லை. ஆனால் அவர்களின் மூச்சும் தெம்பும் கூடின. அழுத்தத்தில் சில புள்ளிகள் இறங்கும், காலில் வலு ஏறும், வலு ஏறிய கால் தடுமாறுவதும் குறையும். எழுபதுக்கு மேல் நடப்பதற்கு இந்தக் காரணங்கள் போதும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கிடைப்பது ஓரளவு தீர்ந்த இடத்தில், தொடர்வது சிக்கலாக நிற்கிறது: அளவு 130 வந்ததும் ‘நார்மலாயிடுச்சு’ என்று நிறுத்திவிடுகிறார்கள், நின்ற சில வாரங்களில் பழைய எண் திரும்பிவிடுகிறது. அளப்பதிலும் கவனம் வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு அளந்தால் சில புள்ளிகள் கூடுதலாகக் காட்டும். முதியவர்களுக்கு இதோடு நிற்காமல், எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளப்பது அவசியம். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்துப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். குற்றவாளி எப்போதும் அழுத்த மாத்திரையாகவே இருக்காது. புரோஸ்டேட்டுக்குக் கொடுத்த டாம்சுலோசினோ தூக்க மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோகூட இருக்கலாம். எதைக் குறைப்பது என்று முடிவானாலும் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் குறைக்க வேண்டும். குறைத்தபின் சில வாரங்கள் வீட்டிலேயே அளந்து குறித்து வர வேண்டும். குளோனிடின், அட்டெனலால் போன்ற அழுத்த மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் எகிறும் என்பதால் அவற்றைப் பாதியாக்கி, பிறகு கால்வாசியாக்கித்தான் விட முடியும்.